அத்தை கோபம் என்றொரு நிறம்

இளம்பச்சையைத்தான் எடுப்பாள். ரோஜா வெளிர் நிறம், இலையும் வெளிறியிருந்தால்தான் சேரும். இந்த ஒரு தடவையாவது நான் நினைத்ததை எடுத்துவிடு, தாயே.

பெரியவள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஓரகத்தி நூல் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மனதுக்குள் இப்படி ஒரு பந்தயம் கட்டுவது அவள் வழக்கம். இதுவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

சின்னவள் இளம்பச்சை இருந்த பக்கமே போகவில்லை. பெட்டியின் அடித்தட்டில் யாரும் சீண்டாமல் கிடந்த, சாம்பல் பூத்த ஒரு பச்சையை உருவினாள். நூல் கட்டிலிருந்து ஒற்றை இழையைப் பிரித்தெடுத்தாள். கட்டாக இருக்கும்போது எல்லா நூலும் பொய் சொல்லும் என்பது அவள் கட்சி. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணியைச் சன்னல் பக்கம் திருப்பி, தைத்து முடித்திருந்த ரோஜாவுக்குப் பக்கத்தில் அந்த இழையைப் போட்டாள். கண்ணைப் பாதி மூடி, கோழி தானியத்தைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு இழையைப் பெரியவளிடம் நீட்டிவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே ஓடினாள்.

பெரியவள் துணியைப் பார்த்தாள். சற்று முன்வரை சோகை பிடித்தாற்போல இருந்த ரோஜா, பக்கத்தில் அந்தச் சாம்பல் பச்சை விழுந்ததும் கன்னத்தில் ரத்தம் ஏறினதுபோல ஆகியிருந்தது. ரோஜாவை யாரும் தொடவேயில்லை. இது எப்படி இவளுக்கு மட்டும் தெரிகிறது என்று அவள் நினைத்தாள். தோற்றுப்போனதில் வருத்தம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குளிர்ச்சிதான் இருந்தது. நல்ல பாட்டுக்காரி எடுக்கப்போகும் அடியை ஊகித்து, ஊகம் தப்பி, அதைவிட நல்ல ஒன்றைக் கேட்கும்போது வருகிற சந்தோஷம் அது.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. இந்த வீட்டுக்கு முதலில் மருமகளாக வந்தவள் பெரியவள். அவள் தையலுக்கு ஊரில் பெயர் உண்டு. இழைகளை நெருக்கி அடுக்கிப் பட்டுபோல மினுக்க அவள் போட்ட சாட்டின் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, இது தைத்ததா அச்சடித்ததா என்று கேட்காதவர்கள் குறைவு. துணியின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாலும் வெட்கப்பட வேண்டியதில்லை. நிறத்துக்கு மட்டும் அவள் அதிகம் யோசித்ததில்லை. ரோஜாவுக்கு ரோஜா நிறம், இலைக்குப் பச்சை. அவ்வளவுதான்.

சின்னவள் வந்த புதிதில் தானும் ஊசி பிடிக்கிறேன் என்று உட்கார்ந்தாள். அவள் தைத்த சங்கிலித் தையலைப் பார்த்த மாமியார், "பூரான் போகுதுன்னு செருப்பை எடுத்துட்டேன்" என்றார். சின்னவளே விழுந்து விழுந்து சிரித்தாள். அதோடு ஊசியை விட்டாள். ஆனால் அறையை விட்டுப் போகவில்லை. அவர்கள் கணவன்மாரான அண்ணனும் தம்பியும் பேட்டரிக் கடைக்குக் கிளம்பிப்போன பிறகு, சமையலை முடித்துவிட்டு வந்து நூல் பெட்டியோடு உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் பெரியவள் ஒரு வெள்ளை ரவிக்கைத் துணியில் வெள்ளைப் பூ தைத்துவிட்டு, பூ துணியோடு துணியாகக் கரைந்துபோவதைப் பார்த்துத் திணறிக்கொண்டிருந்தபோது சின்னவள் சொன்னாள்: "வெள்ளையை வெள்ளையால காட்ட முடியாதுக்கா. பக்கத்துல ஏதாவது கொஞ்சம் அழுக்கா இருக்கணும்." பழுப்பில் ஒற்றை இழையை எடுத்து இதழ்களின் அடியில் ஓட்டச் சொன்னாள். பெரியவள் ஓட்டினாள். பூ எழுந்து நின்றது.

அன்று மாலை முழுக்கப் பெரியவள் அவளோடு பேசவில்லை. துணி துவைக்கிற இடத்தில் போய், துவைத்த துணிகளையே மறுபடி துவைத்தாள். அதைப் பொறாமை என்று சொன்னால் பாதிதான் உண்மை. இத்தனை வருடம் ஒரு கண்ணை மூடிக்கொண்டே நடந்திருக்கிறோமே என்ற கூச்சம் மீதிப் பாதி. அது மெல்ல மெல்ல வடிந்தது. வடிந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது வெறும் பொறுமை அல்ல, ஒரு பிரமிப்பு. இரண்டு பேருக்கும் இடையில் பேசி வைத்துக்கொள்ளாத ஒரு பங்கீடு உண்டாயிற்று. நிறம் சின்னவளுடையது, தையல் பெரியவளுடையது. வாங்கிப்போகிறவர்கள் எல்லாப் புகழையும் ஊசி பிடித்தவளுக்கே கொடுத்தார்கள். அதைச் சின்னவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

நிறங்களுக்குக் கடைப் பெயர் எதுவும் அவர்களுக்குத் தெரியாது. தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். பழுப்புக்கு 'ஆறின டீ'. பல தடவை துவைத்து வெளுத்த நீலத்துக்கு 'மாமா சட்டை'. இளமஞ்சளும் வெள்ளையுமாக இருக்கிற ஒன்றுக்குப் 'பரீட்சை முகம்'. ஒருநாள் பால் பொங்கி வழிந்து மேடையெல்லாம் ஓடியபோது மாமியாருக்குக் கழுத்திலிருந்து காது நுனிவரை ஏறின நிறம் இருக்கிறதே, கருஞ்சிவப்பு, அதற்கு 'அத்தை கோபம்'. அரைமணி கழித்து அவர் டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது கன்னத்தில் மிச்சமிருந்த மங்கின ரோஜா நிறத்துக்கு 'அத்தை கோபம் தணிஞ்சது'. இந்தக் கடைசி இரண்டு பெயர்களையும் வீட்டில் குரல் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

இப்போது சட்டத்தில் இருந்த துணி ஒரு பல் மருத்துவருக்கு. அந்த வேலையைக் கொண்டுவந்ததே சின்னவள்தான். கடைவாய்ப் பல் வலித்து அந்த அம்மாளிடம் போனவள், தன் முறை வரும்வரை எதிர்ச் சுவரில் சொத்தைப் பற்களின் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. ஊசி போட்டுப் பாதி மரத்துப்போன வாயோடு, எங்கள் அக்கா தைத்த பூவை இங்கே மாட்டினால் வருகிறவர்களுக்குப் பயம் குறையும் என்று சொல்லியிருக்கிறாள். இன்னும் ஒரு ஊசி கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் டாக்டர். எப்படியோ புரியவைத்துவிட்டாள். டாக்டர் இவர்கள் வீட்டுக்கே வந்து பார்த்துச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. சிவப்பு மட்டும் கூடாது. என்னிடம் வருகிறவர்கள் வாய் கொப்பளித்துத் துப்பும்போது பார்க்கிற நிறம் அது, சுவரிலும் வேண்டாம் என்றார்.

அன்றிலிருந்து சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இதுவரை அவர்கள் செய்த பூக்களெல்லாம் முந்தானையிலும் தலையணை உறையிலும் போய் அலமாரிக்குள் மடிந்தன. "முதல் தடவையா நம்ம பூ மடிக்காம இருக்கப் போகுதுக்கா" என்று பாத்திரம் தேய்க்கும்போதுகூடச் சொன்னாள்.

துணியில் பாதிக்கு மேல் முடிந்திருந்த நேரத்தில் சின்னவளின் அம்மா வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டார். சின்னவள் கிளம்ப வேண்டியதாயிற்று. போவதற்கு முன் மிச்சமிருந்த ஒவ்வொரு பூவுக்கும் ஒவ்வொரு இலைக்கும் உரிய இழையை அந்தந்த இடத்தில் குண்டூசியால் குத்தி வைத்தாள். வலது கீழ்மூலையில், மற்றப் பூக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பியிருந்த கடைசிப் பூவுக்கு மட்டும் எதுவும் குத்தவில்லை. மற்றதெல்லாம் முடிந்த பிறகுதான் அதற்குத் தெரியும் என்றாள். சாட்டின் தையல் போதும், நிறத்தைப் போனில் சொல்கிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மற்றதெல்லாம் முடிந்த அன்று பெரியவள் போன் செய்தாள். துணி எப்படி வந்திருக்கிறது என்று விவரித்தாள். ரோஜா நன்றாக இருக்கிறது, மாமா சட்டை நீலத்தில் சின்னப் பூக்கள் கொத்தாக விழுந்திருக்கின்றன, அவற்றின் நடுவில் பரீட்சை முகத்தில் முடிச்சுத் தையல் போட்டிருக்கிறேன், இலையெல்லாம் நீ சொன்னபடி. அந்தப் பக்கம் மருத்துவமனைத் தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது. சின்னவள் அங்கே நின்றபடியே கண்ணைப் பாதி மூடிக்கொண்டிருப்பாள் என்று பெரியவளுக்குத் தெரியும்.

"கடைசிக்கு அத்தை கோபம்..." என்று ஆரம்பித்தாள் சின்னவள்.

"அத்தை கோபமா?" ஆச்சரியத்தில் பெரியவளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

அடுத்த அறையில் படுத்திருந்த மாமியார் எழுந்து உட்கார்ந்தார். "எனக்கென்ன கோபம்? நான் யாரை என்ன சொன்னேன்? அங்க போயும் என்னைப் பத்தித்தான் பேச்சா?"

பெரியவள் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, சின்னவள் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறாள் என்று ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்தாள். மறுபடி காதில் வைத்தபோது, அம்மாவைப் பார்க்க டாக்டர் வந்துவிட்டார், வைக்கிறேன் என்று சின்னவள் முடித்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் கருஞ்சிவப்பு நூலை எடுத்தாள். மருத்துவர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. ஆனாலும் தன் கையில் இருப்பது சிவப்பு என்று அவளுக்கு முழுசாகத் தோன்றவில்லை. அது அத்தை கோபம். அதைச் சொன்னது சின்னவள். அவள் ஒன்று சொன்னால் அதில் ஏதோ இருக்கும். சாம்பல் பச்சையை எடுத்தபோதும் இப்படித்தானே முதலில் திக்கென்றது.

ஒற்றை இழையை ஊசியில் கோத்தாள். இதழ் ஓரத்தில் முதல் சில தையல்கள் போட்டதும் கை நின்றது. இந்த ஆழ்ந்த நிறத்தைச் சாட்டினில் போட்டால் வெளிச்சம் அதன்மேல் வழுக்கும், பூ ரப்பர் பொம்மைபோல மினுக்கும். போட்டதை உருவிவிட்டு, நெட்டையும் குட்டையுமாகத் தையலை மாற்றினாள். ஒவ்வொரு நீளத் தையலுக்கும் பக்கத்தில் ஒரு குட்டை, அந்தக் குட்டையின் தலையைப் பிளந்துகொண்டு அடுத்த வரிசை. இதழின் மடிப்பு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கமாக ஊசி சாய்ந்தது. கழுத்தருகே தையல்கள் ஒன்றையொன்று நெருக்கின. ஓரத்தில் தளர்ந்தன. வெளிச்சம் படுத்துக்கொள்ள இடமில்லாமல் இதழுக்குள்ளேயே இறங்கிப்போயிற்று. இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கை போனது, அவள் பின்னாலேயே போனாள்.

முடித்த அன்று மாமியார் வந்து எட்டிப் பார்த்தார். "எல்லாம் லட்சணமாத்தான் இருக்கு. அந்த மூலையில மட்டும் என்னடி, பல்லைப் பிடுங்கிட்டுப் பஞ்சு வைக்க மறந்த மாதிரி?"

"சின்னவ சொன்னது, அத்தை."

"அவ கிணத்துல குதின்னா?"

"எந்தக் கிணறுன்னு கேப்பேன்" என்றாள் பெரியவள். மாமியார் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சின்னவள் திரும்பி வந்தது மருத்துவர் துணியைப் பார்க்க வருவதாக இருந்த அதே நாள். வெயில் ஏறின வேளை. செருப்பைக்கூட நேராகக் கழற்றவில்லை. தோளில் பையோடு அறை வாசலில் வந்து நின்றாள். அவள் முகம் மலர்வதைப் பார்க்கத்தான் பெரியவள் இத்தனை நாள் காத்திருந்தாள். மலர்ந்தது. ரோஜாவில் மலர்ந்தது, நீலக் கொத்தில் இன்னும் மலர்ந்தது, மூலைக்கு வந்ததும் அப்படியே நின்றுபோயிற்று.

"அக்கா, அது என்ன சிவப்பு?"

"நீதானே சொன்ன. அத்தை கோபம்னு."

"தணிஞ்சதுன்னு சொன்னேன்க்கா. அத்தை கோபம் தணிஞ்சது." குரல் உடைந்தாற்போல் வந்தது. "உங்களுக்கே தெரியலையா? டாக்டரம்மா அவ்வளவு சொன்னாங்களே."

"தெரிஞ்சது. நீ சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சேன்."

"நான் சொன்னா கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடுவீங்களா?"

சின்னவள் கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் பெரியவளுக்கு அது வெறும் பேச்சு. இவள் சொன்னபோது காதோரம் சுட்டது. ஆமாம், கண்ணை மூடிக்கொண்டுதான். ஒருத்தியின் பார்வைமேல் இருந்த மயக்கத்தில் தன் பார்வையைக் கழற்றி அடுக்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அதற்கு விசுவாசம் என்று பெயர் வேறு வைத்துக்கொண்டேன்.

சின்னவள் பையைப் போட்டுவிட்டு அடுத்த வேலையில் இறங்கியிருந்தாள். இன்னும் பொழுது இருக்கிறது, பின்பக்கத்தில் வெட்டிவிட்டால் சுலபமாக வந்துவிடும், ஊசித் துளைகளை நகத்தால் தேய்த்து ஆவி காட்டினால் தெரியாது, மேலே மங்கின ரோஜாவைச் சாட்டினில் போட்டு மூடிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே நூலைத் தேடி எடுத்தாள். சொன்னதெல்லாம் சரி. பெரியவளால் முடியும். இந்த ஊரில் அவளால் மட்டும்தான் முடியும்.

பிரிக்க வேண்டிய இடம் தெளிவாகத் தெரிய வேண்டுமே என்று பெரியவள் சட்டத்தைத் தூக்கிச் சன்னலில் சாய்த்தாள். நடுப்பகல் வெளிச்சம் முழுத் துணியிலும் விழுந்தது. கண் கூசியது. கூச்சத்தில் இமைகள் பாதி தாழ்ந்தன. இத்தனை நாள் மூக்கோடு ஒட்டிவைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்த துணியை அப்போதுதான் அவள் முழுசாகப் பார்த்தாள்.

பார்த்தவள் ஓரடி பின்னால் போனாள். பிறகு முன்னால் வந்து, உள்ளங்கையால் அந்தச் சிவப்புப் பூவை மறைத்தாள். துணி சாதுவாகிவிட்டது. ரோஜாவும் நீலமும் இலைகளும், யாரோ போட்டோ எடுக்கப்போகிறார்கள் என்று தலைவாரி உட்கார்ந்திருப்பவர்களைப்போல அசையாமல் இருந்தன. கையை எடுத்தாள். அந்த ஒரு பூ மூச்சு விட்டதும் எல்லாம் மூச்சு விட்டது. பார்வை முதலில் மூலைக்குப் போகிறது, அங்கிருந்து தண்டைப் பிடித்து மேலே ஏறுகிறது, நீலத்தில் உட்காருகிறது, ரோஜாவுக்குத் தாவுகிறது, மறுபடி இறங்கி வருகிறது. பயந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு இப்படிப் போய்வர ஒரு வழி வேண்டாமா? மறுபடியும் மறைத்தாள். எடுத்தாள். சந்தேகமே இல்லை.

சின்னவள் கொண்டுவந்து வைத்த மங்கின ரோஜா இழையையும் பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். அழகான நிறம். ஏற்கெனவே சாதுவாக உட்கார்ந்திருந்தவர்களோடு அதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது.

பட்ட பாட்டைப் பிரிக்க மனசில்லாமல் இப்படித் தோன்றுகிறதோ என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இல்லை. ஒரு கல்யாணப் புடவைக் கரை முழுவதையும் மனம் மாறின ஒரு பெண்ணுக்காக ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பிரித்தவள் அவள். சின்னவளை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையா? அதுவும் இருக்கிறதா என்று மனதின் மூலைமுடுக்கெல்லாம் தேடினாள். இருந்தால் நன்றாக இருந்திருக்கும், எளிதாக அதட்டி உட்காரவைத்திருக்கலாம். அங்கே இருந்ததெல்லாம் வேறு. நெட்டையும் குட்டையுமாகத் தையலை மாற்றிய அந்த நிமிடத்தில் தன் கைக்கு இது தெரிந்திருந்தது. மனசுக்குத்தான் இப்போது செய்தி வந்து சேர்கிறது.

திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள். இவளைப்போல நிறம் பார்க்கிற கண்ணை அவள் எங்கும் கண்டதில்லை, இனி காணப்போவதும் இல்லை. ஆனால் சின்னவள் இன்னும் சன்னல் பக்கம் வரவில்லை. தலையைச் சாய்க்கவில்லை. விழித்த கண்ணோடு வாசலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணுக்குள் இப்போது டாக்டர்தான் இருந்தார்.

"இங்க வந்து பாரு" என்றாள் பெரியவள்.

"பார்க்க நேரமில்லைக்கா. முதல்ல பிரிங்க."

"ஒரு நிமிஷம், இங்க நின்னு பாரு."

"நல்லாத்தான் இருக்கும். நீங்க தைச்சது எது நல்லா இல்லாமப் போச்சு? அதுக்காகச் சொல்லலை." சின்னவள் சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு வந்தாள். சன்னலுக்கு இரண்டடி முன்னாலேயே நின்றுவிட்டாள். "அவங்க வேணாம்னுட்டு எழுந்து போயிட்டா? திரும்பவும் யாரு நம்மளைச் சுவத்துல மாட்டப் போறாங்க? எத்தனை நாளா அதையே நினைச்சிட்டிருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். பாத்திரம் தேய்க்கும்போதும் அவள் சொன்னது தெரியும். அந்த ஆசையின் மொத்த எடையும் இப்போது தன் மடியில் கிடப்பது தெரியும். மருத்துவர் ஒரே ஒரு நிறத்தைத்தான் விலக்கச் சொன்னார். அது தப்பான கோரிக்கையும் அல்ல. அவர் தலையை அசைத்துவிட்டுக் கிளம்பினால் இந்தத் துணியும் அலமாரிக்குள் மடியும். சின்னவள் அழமாட்டாள், சிரித்துச் சமாளிப்பாள், அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மாமியார் உள்ளிருந்து, டாக்டரம்மா சீக்கிரமே வந்துவிட்டார் என்று குரல் கொடுத்தார்.

"பத்து நிமிஷம் பேச்சுக் கொடுத்துட்டிருக்கேன். வெட்டியாவது வைச்சிடுங்க, மாத்தப் போறோம்னு சொல்லிக்கலாம்." சின்னவள் கத்தரியின் கைப்பிடியை அவள் பக்கமாகத் திருப்பி நீட்டினாள். "எனக்காகக்கா."

பெரியவள் அவள் முகத்தைப் பார்த்தாள். இந்த வீட்டுக்குச் சின்னவள் வந்த நாளிலிருந்து அவள் கேட்ட எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை. சட்டத்தைச் சன்னலிலிருந்து எடுத்து, வருகிறவர் முதலில் பார்க்கும்படி எதிர்ச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். புடவையில் ஒட்டியிருந்த ஒரு சிவப்பு இழையைக் கிள்ளி எடுத்தாள்.

"வேண்டாம்மா" என்றாள் மெதுவாக. "இதை நான் பிரிக்கலை."

நீட்டின கத்தரியை அவள் வாங்கவில்லை.